செயலாளரின் ஆண்டறிக்கை 2024

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டம் செந்தூலில் நடந்தது. கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) சேராததால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்துத் தொடங்கினோம். செயலவை ஐந்து முறை கூடியது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தீபாவளி விருந்து நடந்தது. மறைந்த உறுப்பினர் இருவர் குடும்பங்களுக்கு மரண சகாய நிதி வழங்கப்பட்டது. பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான பத்து ஆராங்கிற்கு ஒரு நாள் பயணம் போய், பழைய புகைபோக்கியையும் குழிகளில் தேங்கிய ஏரியையும் பார்த்து வந்தோம். குடும்ப தினம் நடக்கவில்லை.

நாம் நடத்திய நிலக்கரிக் கழிவுக் குன்றுப் பயிலரங்குதான் குடும்ப தினப் பணத்தை விழுங்கிவிட்டது என்று புலனத்தில் சிலர் எழுதியிருந்தனர். உண்மை அதுவன்று. பெயர் கொடுக்கச் சொல்லி மூன்று முறை அறிவித்தும் பஸ் பிடிக்கும் அளவுக்கு ஆள் சேரவில்லை, அவ்வளவே.

பயிலரங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "நிலக்கரிச் சுரங்கக் கழிவுக் குன்றுகள்: கொட்டுவதும் மீட்பதும்" என்ற தலைப்பில் ஜூலை முதல் அக்டோபர் வரை மாதம் ஒரு ஞாயிறு நடந்தது. கரி எடுத்தபின் மிஞ்சும் கல்லையும் மண்ணையும் கொட்டிக் குவித்த மேடுதான் கழிவுக் குன்று. முதல் அமர்வுக்கு இருபத்தொரு பேர், கடைசிக்கு ஏழு பேர். "மலேசியாவில் ஏது நிலக்கரி?" என்று கேட்டவர்களுக்கு: பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை கரி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பதிவேட்டிலேயே இருக்கிறார்கள். சரவாக்கிலும் கலிமந்தானிலும் டோசர் ஓட்டுகிறவர்களும் நில அளவை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். யாருக்குப் பயன்பட்டிருக்குமோ அவர்கள்தான் வரவில்லை. ஆகவே சாரத்தை இங்கேயே பதிவு செய்கிறேன். நீளம் என்று முணுமுணுப்பவர்கள் நேரில் வந்திருக்கலாம்.

முதலில் தண்ணீர். வேல்ஸில் உள்ள அபர்ஃபானில் 1966 அக்டோபர் 21 அன்று சரிந்த ஏழாம் எண் குன்று, ஊற்றின் மேல் கொட்டப்பட்டது. 144 பேர் மாண்டனர், அவர்களில் 116 பேர் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான், 1969இல், பிரிட்டனில் கழிவுக் குன்றுகளுக்கென்றே சட்டம் வந்தது. கொட்டும் முன் இடத்தை மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஊற்றோ ஓடையோ இருந்தால் வேறு இடம் தேட வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் அடியில் பெருங்கல் வடிகால் போட்டு நீரை வெளியே கொண்டுவந்த பிறகே முதல் லோரியை விட வேண்டும்.

அடுத்தது கொட்டும் முறை. லோரியை விளிம்புக்கே கொண்டுபோய்ச் சரிவில் கொட்டிவிடுவது பல இடங்களில் வழக்கம், மலிவு என்பதால். அப்படிக் கொட்டினால் பெருங்கற்கள் உருண்டு அடிவாரம் சேரும், தூளும் கரிப்பொடியும் மேலேயே தங்கும். அடியில் கல்லிடுக்கு வழியே காற்று நுழைந்து உள்ளே ஏறும். காற்றே இல்லாவிட்டால் கரி பற்றாது. தாராளமாக வீசினால் சூடு கலைந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட காற்றுதான் ஆபத்து. கரி கழுவும் ஆலையின் கழிவை அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி, சுமார் 30 செ.மீ. கனத்தில் அடுக்கடுக்காகப் பரப்பி, அதிர்வு ரோலரை நாலைந்து முறை ஓட்டி இறுக்க வேண்டும். பக்கச் சரிவுகளைக் களிமண்ணால் உடனுக்குடன் மூட வேண்டும். மழை பெய்த மறுநாள் சேற்றை வழிக்காமல் அதன்மேலேயே அடுத்த அடுக்கைப் போட்டால், பிற்பாடு குன்று வழுக்குவது அந்த இடத்தில்தான்.

உள்ளே சூடேறுவதைக் கண்டுபிடிக்க விடியற்காலையில் போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஆவி எழும், மண்ணெண்ணெய் போல் வாடை வரும், வெடிப்பு ஓரங்களில் மஞ்சள் கந்தகப் பொருக்கு படியும், மழைக்குப் பின் ஒரு திட்டு மட்டும் சீக்கிரம் காயும். பற்றிக்கொண்ட குன்றில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. ஆவி வெடிக்கும், எரியும் வாயுவும் உண்டாகும், தூள் கரைந்து காற்றுக்குப் புது வழியும் திறக்கும். ஓரத்திலிருந்து எக்ஸ்கவேட்டரால் தோண்டி, மெல்லிசாகப் பரப்பி ஆறவைத்து, களிமண் கலந்து மறுபடி இறுக்குவதே முறை. மேலே ஏறி நிற்கவே கூடாது. உள்ளே எரிந்து குடைந்திருந்தால் ஆளோடு அமுங்கிவிடும்.

கழிவில் உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) காற்றும் நீரும் பட்டால் அமிலமாகக் கசியும். அதை முறிக்க ஒரு கணக்கு உண்டு. கழிவில் பைரைட்டாக உள்ள கந்தகம் நூற்றுக்கு ஒன்று என்றால், டன்னுக்கு 31.25 கிலோ கால்சியம் கார்பனேட் வேண்டும். ஏட்டுக் கணக்கு இது. சுண்ணாம்புக்கல் பருமனாக இருந்தால் மேலே இரும்புத் துரு படிந்து உள்ளிருப்பது வீணாகும், ஆகவே நைஸான தூளாக, கூடுதலாகவே போட வேண்டும்.

மீட்பில் பலரும் சறுக்குவது இங்கே: குன்றின் உடம்பை இறுக்க வேண்டும், மேற்பரப்பைத் தளர்த்த வேண்டும். அதே டோசர், அதே ஆள் என்பதால் மேல்மண்ணையும் இறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு எந்தக் கன்றும் வேர் பிடிக்காது. சரிவைக் கிடையாக மூன்றுக்கு உயரம் ஒன்று என்ற அளவுக்குப் படுக்க வைத்து, சமமட்டக் கோட்டை ஒட்டி அரை மீட்டர் ஆழம் கிழித்து, அப்புறம் மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். சேமித்த மேல்மண் குவியல் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. உயர்ந்தால் நடுவில் காற்றில்லாமல் விதையும் நுண்ணுயிரும் செத்துவிடும். மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிருக்கு நமக்குப் பாடம் தேவையில்லை: ரப்பர் மறுநடவில் நம் தோட்டத்து ஆட்கள் விதைத்த பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா கொடிகள்தாம். கன்றைச் சுற்றி வட்டம் வெட்டாவிட்டால் கொடி ஏறி அமுக்கிவிடும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் ஏதுமில்லை, பயிலரங்குச் செலவு மண்டப வாடகை, நகலெடுப்பு, பசியாறல் ஆகியவையே. சந்தா பாக்கி மட்டும் கவலைக்குரியது. பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை. சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு. மாதம் மூன்று வெள்ளிதான், ஒரு தே தாரேக்கும் ரொட்டி சானாயும் அந்தக் காசுக்கு வராது. விருந்தன்று பாக்கிதாரர்கள் தவறாமல் வந்து சிறப்பித்ததையும் செயலவை கவனிக்காமல் இல்லை.

மண்டபம் தந்து உதவியவர்களுக்கும், தலைவருக்கும், சமையலில் கைகொடுத்த மகளிர் பகுதிக்கும், கணக்காய்வாளர்களுக்கும் நன்றி. பொதுக்கூட்டம் முடிந்து அறுபது நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். கையெழுத்திட வேண்டிய செயலவையினர் தயவுசெய்து இன்றே இட்டுவிட்டுப் போகவும்.

அடுத்த ஆண்டு கரி கழுவிய சகதிக் குட்டைகளை மூடுவது பற்றி இரண்டு அமர்வுகள் நடத்தலாம் என எண்ணம். மேலே காய்ந்து பொருக்குத் தட்டி, உள்ளே களியாகக் கிடப்பவை அவை. டோசரோடு ஆளையும் விழுங்கியிருக்கின்றன. பயிலரங்குக் குறிப்புகளைத் தமிழில் கையேடாக அச்சிடவும் ஆசை. தட்டச்சு முடிந்துவிட்டது, அச்சகத்தார் முன்பணம் கேட்கிறார். இந்தப் பொறுப்பில் நான் தொடர வேண்டும் என்று சிலர் அன்புடன் வற்புறுத்துகிறார்கள். ஏழு பேருக்கு வகுப்பு நடத்த என்னால் இயலும். ஆனால் அச்சுக்கூலியை ஏழு பேர் தலையில் கட்ட மனமில்லை. பாக்கிப் பட்டியலும் வகுப்புக்குப் பெயர் எழுதும் தாளும் வாசல் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பொருளாளர் சில்லறையோடு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்