பில்லைப் பார்த்தேன், கண்ணு

சேலம்

அன்புள்ள கண்ணுக்கு,

மளிகைச் செலவு கட்டுக்குள் நிற்கவில்லை என்று புலம்பினாய். செயலியில் ஆர்டர் போட்ட பில்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாய். லீ பஜாரில் சரக்கெடுத்துக் கடை நடத்துகிறவனுக்கு பில் படிப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி.

செவ்வாய்க்கிழமை ஒரு கட்டு கொத்தமல்லி, வியாழன் இன்னொன்று, சனி மறுபடியும். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மாடு ஏதும் கட்டியிருக்கிறீர்களா? நடுவில் ஒரு பிரெட். நீயும் மாப்பிள்ளையும் பிரெட்டைத் தொடவே மாட்டீர்கள். இலவச டெலிவரிக்கு இன்னும் 40 ரூபாய் தேவைப்பட்டிருக்கும், சேர்த்திருப்பாய். சரிதானே?

விலைவாசியைக் குறை சொல்லாதே. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எந்த வீட்டிலாவது ஒரு தக்காளி அழுகியதா? மலிவாகக் கிடைத்தால்தான் குப்பைக்குப் போகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டது: 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீண், அதில் 60 சதவீதம் வீடுகளில். நம் நாட்டு வீடுகளில் தலைக்கு வருஷம் 55 கிலோ. தோல், கொட்டையெல்லாம் சேர்த்துத்தான், இருந்தாலும் இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைக்கு மேல்!

கடையில் புது மூட்டை வந்தால் பழையதை முன்னால் இழுத்துப் போட்ட பிறகுதான் புதியதை அடுக்குவோம். உன் ஃப்ரிட்ஜில் நேர்மாறு. நேற்று வந்தது கண்ணெதிரே, போன வாரத் தயிர் சுவரோரம். ஆர்டர் போடும் முன் ஒரு தடவை கதவைத் திறந்து பார். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தாண்டினால் ருசி குறையலாம், அவ்வளவுதான். பிரித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து முடிவு செய். ‘எக்ஸ்பைரி’ தாண்டினால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடு. அப்புறம், வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதே.

அம்மா இன்றும் அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய்தான் வாங்குகிறாள். யாரும் முகம் சுளிப்பதில்லை. உன் செயலியில் அரைக் கிலோ பாக்கெட்தான் என்றால், பாதியை எதிர்வீட்டுக்குக் கொடேன். அவர்களோடு பழக்கமும் ஆகும்.

சனிக்கிழமை பஸ்ஸில் மல்கோவா அனுப்புகிறேன். பாதி பழம், பாதி செங்காய். பழத்தை முதலில் சாப்பிடுங்கள். செங்காயை ஃப்ரிட்ஜில் வைக்காதே, வெளியிலேயே பழுக்கட்டும்.

அன்புடன்,
அப்பா