‘மால்குடி டேஸ்’ போல நம் மாவட்ட நாவல்களும் தொடராக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்.கே. நாராயணின் கதைகளைக் கொண்டு 1980களின் பிற்பாதியில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘மால்குடி டேஸ்’ தொடரை எங்கள் பகுதியில் இன்றும் பலர் இணையத்தில் தேடிப் பார்க்கிறார்கள். ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கமாகத் திருப்பிவைத்து அன்று அதைக் கண்டுகளித்த தலைமுறை பழைய நினைவுக்காகப் பார்ப்பது இயல்பு. ஆனால் அந்தக் காலத்தையே அறியாத பள்ளிப் பிள்ளைகளும், எல். வைத்தியநாதனின் முகப்பு இசை ஒலித்து ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் திரையில் வந்தவுடன் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்களே, அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

1935இல் வெளிவந்த ‘சுவாமியும் சிநேகிதர்களும்’ நாவலை இயக்குநர் சங்கர் நாக் அவசரப்படாமல், பல பகுதிகளாக விரித்து எடுத்ததே அந்தக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அப்பா போடும் மாம்பழக் கணக்கில் விலையைக் கண்டுபிடிக்காமல், அந்த மாம்பழங்கள் பழுத்தவையா காயா என்று சுவாமி யோசித்துக்கொண்டிருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நகர்வதற்கு அது தேவையே இல்லை. விறுவிறுப்பைத் தேடுபவர்கள் முதலில் கத்தரி வைப்பதும் அத்தகைய இடத்தில்தான். ஆனால் சுவாமி எப்படிப்பட்ட பையன் என்பது முழுக்க அங்கேதான் இருக்கிறது. சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் திகைத்த முகமும், தந்தையாக நடித்த கிரிஷ் கர்னாடின் கண்டிப்பான குரலும், நாவலை வாசித்தவர்கள் மனத்தில் ஏற்கெனவே குடியிருந்த சுவாமியையும் அப்பாவையும் சிறிதும் கலைத்துவிடவில்லை.

இடத்தைக் காப்பாற்றியதும் அதே அளவு முக்கியம். நாராயணின் ‘கைடு’ நாவல் 1965இல் திரைப்படமானபோது மால்குடி என்னும் கற்பனைச் சிற்றூரை விட்டுக் கதை உதய்பூருக்குப் போய்விட்டது. அந்தப் படத்தின் மீது தமக்கிருந்த வருத்தத்தை நாராயண் கட்டுரையாகவே எழுதினார். சங்கர் நாக் கர்நாடகத்து ஆகும்பேயின் ஓட்டு வீடுகளிலும் மழை நனைத்த தெருக்களிலும் மால்குடியைக் கண்டெடுத்தார். குலசேகரம், திருவட்டாறு பக்கத்துப் பழைய வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அந்தத் திண்ணைகளும் முற்றமும் அந்நியமாகவே தெரிந்ததில்லை.

இத்தகைய நேர்மையுடன் எடுக்கத்தக்க நாவல்கள் குமரி மாவட்டத்தில் நிறையவே உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். எனினும் 1964இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ முதலில் தொடராக வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டரை மணி நேரப் படமாக்கினால் நாயகி லிஸிக்கும் பனையேறி மகன் தங்கராஜுக்கும் இடையிலான காதலும் அதற்கு எழும் எதிர்ப்பும் மட்டுமே மிஞ்சும். லிஸியின் தாத்தாவான கண்ணப்பச்சியின் குடும்பப் பெருமை, நொடித்துப்போகும் வீட்டின் நாளாந்தப் பாடு, படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் இருத்தப்பட்ட பெண்ணின் நீண்ட பகல்பொழுதுகள் ஆகியவற்றைக் காட்ட எட்டுப் பத்து வாரங்களாவது தேவைப்படும்.

பேச்சு வழக்கில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது. மலையாளச் சாயலோடு கூடிய எங்கள் தமிழ் மற்ற மாவட்டத்தாருக்குப் புரியாது என்று அஞ்சி, அதைச் சென்னைத் தொடர்களின் பொதுப்பேச்சாக மாற்றினால் புத்தம் வீடு எங்கள் வீடாக இருக்காது. தேவையானால் திரையின் அடியில் எழுத்துகளை ஓடவிடலாம். கேட்கக் கேட்கப் பழகிவிடும்.

தூர்தர்ஷன் தமிழ் நிலையமோ, தனியார் தொலைக்காட்சிகளோ, இணையத் தளங்களோ இதை ஏற்று நடத்துமானால், படப்பிடிப்பைக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தில் ஏற உதவும் முருக்குத்தடியைச் சாத்தி, இடுப்பில் குடுவையோடு விடியற்காலையில் பனையேறி, பாளை சீவி அக்கானி என்னும் பதநீர் இறக்குபவர்கள் இங்கே மிகவும் குறைந்துவிட்டார்கள். தங்கராஜாக நடிக்க வரும் இளைஞருக்கு அதைச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம் என்பதால், அவர்கள் தொழிலில் இருக்கும்போதே இந்தப் பணியைத் தொடங்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.