எரிமலை மேல் வீண்பழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அந்தமான் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்துக்கொண்டே வந்தேன், ஒரு வரி வரும்வரை: '2004-இல் நம் கரையைச் சூறையாடிய சுனாமிக்குக் காரணமான பாரன் தீவு எரிமலை...' இத்தனை வருடம் புவியியல் நடத்தியவளுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1832-க்குப் பிறகு உறங்கிக் கிடந்த அந்த எரிமலை விழித்தது 1991-இல். 1994-95-இல் மறுபடி கக்கியது. அதற்கடுத்த சீற்றம் 2005 மே மாதம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே பழம் விழுந்து ஐந்து மாதம் கழித்துத்தான் காக்கையே வருகிறது!

டிசம்பர் 26 காலை 6.29-க்கு நடந்தது வேறு. பூமியின் மேலோடு பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது. அவற்றில் பர்மா தட்டுக்கு அடியில் இந்தியத் தட்டு நுழையும் இடத்தில், காலங்காலமாக இறுகிப் பிடித்திருந்த விளிம்பு சுமத்ராவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு விட்டுக்கொடுத்தது. அதுதான் நிலநடுக்கம். கடல்தரை எகிறியது, மேலிருந்த தண்ணீரும் எகிறியது. அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் வெளியே வந்து காய்ந்தன. தெற்கே நிக்கோபாரின் கோடியிலுள்ள இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது.

எரிமலைக்கும் இதற்கும் உறவே இல்லை என்று சொல்லவில்லை. கீழே போகும் தட்டு ஈரத்தையும் சுமந்து செல்கிறது. சுமார் நூறு கி.மீ. ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலேயுள்ள சூடான பாறையில் சேர, அதன் உருகுநிலை குறைந்து குழம்பாகிறது. பாரன் தீவு அப்படிப் பிறந்ததுதான். நிலநடுக்கமும் அதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் செய்ததற்குத் தம்பியைப் பிடித்தால் எப்படி?

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கும். சுமத்ராவுக்கு அப்பால் கடலில் நிலநடுக்கம், அளவு 8.6. சென்னையில் கட்டடங்கள் ஆடின. எங்கள் தெருவே மூட்டை முடிச்சோடு கிளம்பியது. பேரலை வரவில்லை. 'எரிமலை வெடிக்கல போல, தப்பிச்சோம்' என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தட்டு கீழே நுழையும் இடத்திலுள்ள ஆழ்கடல் பள்ளமான அகழிக்கு மேற்கே, இந்தியத் தட்டின் உட்பகுதியில், பாறை பக்கவாட்டில் நழுவிய நடுக்கம் அது. கடல்தரை பெரிதாக உயரவில்லை, அவ்வளவே.

எரிமலையால் சுனாமி வராதா என்றால், வரும். 1883-இல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை 36,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. 2018 டிசம்பர் 22 இரவு அதன் குட்டியான அனக் கிரகட்டோவாவின் சரிவு கடலில் விழுந்து நானூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். முன்னால் பெரிய நடுக்கம் எதுவும் இல்லாததால் கரையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நிலநடுக்கச் சுனாமி, எரிமலைச் சுனாமி இரண்டையும் குழப்பக்கூடாது என்பது இதனால்தான்.

திருத்தம் போடும்போது வரைபடத்தையும் பாருங்கள். அகழியைத் தீவுகளுக்குக் கிழக்கே வரைந்திருக்கிறீர்கள். அது மேற்கே இருக்கிறது. கிழக்கே இருப்பது பாரன் தீவு.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
நாகப்பட்டினம்