மழை போச்சு, குடைக்கடை இருக்கு

திருநெல்வேலி
ஐப்பசி 22

அன்புள்ள ரவிக்கு,

உன் கடிதமும் அதிரசப் பொட்டலமும் தீபாவளிக்கு மறுநாள் வந்து சேர்ந்தன. அதிரசம் பாதி தூள். தூளையும் விடவில்லை, சூடான பாலில் போட்டுக் குடித்துவிட்டோம் என்று தங்கச்சியிடம் சொல். என் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் அடுக்களை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறது. சேவியர் பேங்க் வேலைக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டு இப்போது கிணற்றில் மீன் வளர்க்கிறான். அவன் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

கயல் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை வருஷம் உட்கார்ந்து அந்த கம்ப்யூட்டர் கேமுக்குள் மழை பெய்ய வைத்தாள், வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மழையையே தூக்கிவிட்டார்கள், பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். ‘நீதான் அமெரிக்காவில் ராத்திரி ராத்திரியாக அந்த மாதிரி உலகத்தில் கிடந்தவனாச்சே, நாலு வார்த்தை சொல்லு’ என்று வேறு. மருமகளுக்கு ஆறுதல் சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது. ஆனால் கடித ஓரத்தில் ஒரு வரி கிறுக்கியிருந்தாய் பார், மழையை எடுத்தவர்கள் ஊர் நடுவில் இருக்கிற குடைக்கடையை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குப் பழசெல்லாம் கிளம்பிவிட்டது.

நான் 1997-இல் டல்லாஸில் ஒய்டூகே வேலைக்கு, அதாவது 2000-ஆம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பாமல் சரிசெய்கிற வேலைக்கு, போன வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அதே டெக்சஸில், ஆஸ்டின் ஊரில் இருந்த ஆரிஜின் கம்பெனி, செப்டம்பர் 24-ஆம் தேதி ‘அல்டிமா ஆன்லைன்’ என்ற கேமை வெளியிட்டது. இன்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடுவது. பெட்டிக்குக் காசு கொடுத்தது போதாதென்று மாதாமாதம் 9.95 டாலர் சந்தா. அப்போது டாலர் 36 ரூபாய். வீட்டுக்கு அனுப்புகிற பணத்தில் 360 ரூபாய் குறைகிறதே என்று கை நடுங்கித்தான் கட்டினேன்.

நான் கட்டியது வாள் சண்டைக்காக இல்லை. வெளிவருவதற்கு முன்பே அதைப் பற்றி ஒரு செய்தி படித்திருந்தேன். அந்த உலகத்துக்குள் உயிர்ச் சங்கிலி இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ரிச்சர்ட் கேரியட்டின் கேம், ஆனால் இந்தப் பகுதியின் மூளை ராஃப் கோஸ்டர் என்ற வடிவமைப்பாளர். அங்கே ஆடு என்பது வெறும் படம் இல்லை. அதற்குள் இத்தனை கறி, இத்தனை கம்பளி என்று கணக்கு உண்டு. முயலுக்குப் புல் வேண்டும், ஓநாய்க்குக் கறி வேண்டும், டிராகனுக்கும் பசிக்கும். காட்டில் இரை தீர்ந்தால் அது ஊரைப் பார்க்க வரும். உங்கள் பொள்ளாச்சிப் பக்கம் யானை தென்னந்தோப்புக்கு வருகிற கதைதான். யாரோ ஒருவர் எழுதி வைத்த கதைப்படி வராமல் அதுவாகவே பசித்து வரும் டிராகனைப் பார்க்கத்தான் நான் 360 ரூபாய் கட்டினேன்.

முதல் ராத்திரி மோடம் கரகரத்து லைன் கிடைக்கவே அரை மணி நேரம். பிரிட்டன் என்று அந்த உலகத்தின் பெரிய ஊர், அதன் எல்லைக்கு வெளியே போய் நின்றேன். காட்டு ஓரத்தில் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே நிற்கிறார்கள். யாரும் பேசவில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் லாரி வருமா என்று பார்க்கிற மாதிரி ஒரு நிற்பு. திடீரென்று மரத்தடியில் ஒரு மான் தோன்றியது. அது முதல் அடி எடுத்து வைப்பதற்குள் எட்டுப் பேரும் பாய்ந்துவிட்டார்கள். செத்த உடலில் கத்தியை வைத்தால் கறியும் தோலும் வரும். நான் கத்தியை எடுத்தபோது அதுவும் முடிந்திருந்தது. எல்லாரும் மறுபடி பழைய இடத்துக்குப் போய் நின்றார்கள்.

அந்த மான் புல் தின்னுமா தின்னாதா, அதை ஓநாய் துரத்துமா என்பதெல்லாம் யாருக்குத் தெரியப் போகிறது, சொல்லு. நான் உள்ளே நுழைந்த சமயத்தில் சங்கிலி இல்லை. அது எனக்கே கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது.

சங்கிலி போன கதைக்கு இரண்டு காரணம் சொன்னார்கள். கேரியட் பிற்பாடு பழியை ஆடுகிறவர்கள் மேல் போட்டார். அவ்வளவு பாடுபட்டுச் செய்தோம், வந்தவர்கள் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டார்கள், சங்கிலி சுற்ற ஆரம்பிக்கவே நேரம் இல்லை, யாருமே கவனிக்காததால் வருத்தத்தோடு பிடுங்கிவிட்டோம் என்று. கோஸ்டர் சொன்ன காரணத்தில் பொறியாளர் வாசனை அடிக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஒவ்வொரு பிராணியும் தன் சாப்பாடு எங்கே என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தேட வேண்டும். ஆயிரக்கணக்கான பிராணிகள் நிமிஷத்துக்கு நிமிஷம் தேடினால் அந்தக் காலத்து சர்வர் தாங்காது. கல்யாணப் பந்தியில் ஒவ்வொருத்தரும் எழுந்து நின்று சாம்பார் வாளி எந்தப் பக்கம் வருகிறது என்று மண்டபம் முழுக்கத் தேடினால் பரிமாறுகிறவன் எங்கே நடப்பான்?

இதோடு ஒட்டிய இன்னொன்றும் கவிழ்ந்தது. உலகத்தில் மொத்த இரும்பு இவ்வளவு, மொத்தத் தோல் இவ்வளவு என்று அளவு கட்டி, செலவானது திரும்ப மண்ணுக்கு வந்தால்தான் புதுசு முளைக்கும் என்று வைத்திருந்தார்கள். நம் ஆட்களோ எதையும் கீழே போடவில்லை. பெட்டி பெட்டியாகச் சட்டை, கவசம், எலும்பு. என் பெட்டியில் மட்டும் நாற்பது சட்டை இருந்தது. தையல் பழக்கம் வர வேண்டும் என்று தைத்துத் தள்ளியது, ஒன்றைக்கூட நான் போட்டதில்லை. இப்படி ஊரே பதுக்கினால் எது திரும்ப முளைக்கும்? கடைசியில் கணக்கை விட்டுவிட்டு மடையைத் திறந்துவிட்டார்கள்.

இவ்வளவு பெரியதைப் பிடுங்கியும் அந்த உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ரவி. சந்தா கட்டி ஆடுகிற இந்த வகையில் முதலில் ஒரு லட்சம் பேரைத் தொட்டது அதுதான். இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. செம்மறி ஆட்டின் மேல் கத்தியை வைத்தால் கம்பளி கையில் வரும், ஆடு மொட்டையாக நிற்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி முளைக்கும். இந்த ஆட்டுக்குள் இவ்வளவு கம்பளி என்று போட்ட பழைய கணக்கின் மிச்சம் அது என்றுதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். சண்டைக்குப் போகாமல் ஆடு மழித்துக்கொண்டே எத்தனையோ ராத்திரி கழித்திருக்கிறேன். உன் தங்கச்சிக்கு இது தெரியாது, சொல்லிவிடாதே.

இதற்கு நேர்மாறாக ஒன்று 2008-இல் நடந்தது. நான் ஊருக்கு வந்துவிட்டேன், படித்ததோடு சரி. வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊரில் மிதிக் என்ற நிறுவனம் ‘வார்ஹேமர் ஆன்லைன்’ செய்துகொண்டிருந்தது. மூன்று கயிறு இழுக்கும் போட்டி ஒரே மைதானத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள். குள்ளர்களுக்கு எதிரே பச்சைத்தோல்காரர்கள், பேரரசுக்கு எதிரே கேயாஸ், உயர் எல்ஃபுகளுக்கு எதிரே இருண்ட எல்ஃபுகள். கயிற்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு தலைநகரம், ஆக ஆறு. இழுத்து இழுத்து எதிரியின் தலைநகரத்துக்குள் நுழைந்து கொள்ளையடிப்பதுதான் மொத்த ஆட்டத்தின் ஆசை. ஜூலை மாதம் அறிவித்தார்கள், ஆறில் நாலு நகரம் கிடையாது. 24 வகை வீரர்களில் நாலு வகையும் கிடையாது. சரியாக வரவில்லை, அரைகுறையாகக் கொடுக்க மனமில்லை என்றார்கள். அதில் தப்பில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

செப்டம்பர் 18-ஆம் தேதி கேம் வந்தது. வீரர் வகையில் இரண்டு டிசம்பரிலேயே திரும்பி வந்தன, அடுத்த மார்ச்சில் இன்னும் இரண்டு வந்தன, அதில் ஒன்று சொன்னதற்குப் பதிலாக வேறு. அதெல்லாம் யாருக்கும் பெரிசாகப் படவில்லை. நகரங்கள்தான் கடைசி வரைக்கும் வரவே இல்லை. இரண்டு கயிற்றுக்கு முனையே இல்லை. குள்ளர் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் போய் விழ ஊர் கிடையாது. எல்லாரும் மூன்றாவது கயிற்றுக்கே வந்து பேரரசின் தலைநகரமான ஆல்ட்டார்ஃப் வாசலிலோ கேயாஸ் தலைநகரத்து வாசலிலோ முட்ட வேண்டியது. விற்றது 12 லட்சம் பிரதி. அந்த வருஷக் கடைசியில் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் 3 லட்சத்துச் சொச்சம். 2013 டிசம்பர் 18-ஆம் தேதி சர்வரை நிறுத்திவிட்டார்கள். நகரம் இல்லாததால் மட்டுமே செத்தது என்று நான் சொல்லமாட்டேன், வேறு நோயும் இருந்தது. ஆனாலும் அந்த முனையில்லாத கயிறு கண்ணிலேயே நிற்கிறது.

நடுவில் 2003-இல் அதே கோஸ்டர் முன்னின்று செய்த ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ வந்தபோது சொன்ன வண்டியும் இல்லை, ஆடுகிறவர்கள் கட்டுகிற ஊரும் இல்லை. 16 கிலோமீட்டர் அகலக் கிரகத்தைக் காலாலேயே ஓடிக் கடந்தார்கள். சில மாதம் கழித்து இரண்டும் வந்தன. திட்டிக்கொண்டே ஓடினார்கள், ஆனால் ஓடினார்கள்.

இதனால்தான் கயலிடம் நான் ஆறுதலுக்குப் பதில் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். அந்த மழையை நம்பி உள்ளே வேறு யார் யார் இருந்தார்கள்? ஆறு நிறைவது மழையாலா, அல்லது அது பாட்டுக்கு ஓடுமா? பயிர்? மீன்? மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி எங்காவது வைத்திருந்தார்களா? அப்படி எதுவும் இல்லையென்றால் அவள் மழை அல்டிமாவில் பிடுங்கிய அந்த முயல்-ஓநாய்ச் சங்கிலி மாதிரி. போனது வலிக்கும், ஆனால் கேம் பிழைத்துக்கொள்ளும். ஏதாவது இருந்தால் அவள் இப்போதே வாயைத் திறக்க வேண்டும், அழுதுகொண்டு படுத்தால் ஆகாது. மூன்று வாரம் என்பது கம்மி இல்லை. எடுத்தவர்களுக்கும் எது எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்திருக்காது, குடைக்கடையே சாட்சி.

செய்த மழையை அழித்துவிடாமல் எங்காவது எடுத்து வைத்திருக்கிறாளா என்றும் கேள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போன் பண்ணச் சொல், அன்று நான் வீட்டில்தான் இருப்பேன். இங்கே மூன்று நாளாக நிஜ மழை, துணி காயவில்லை, மின்சாரம் வந்து வந்து போகிறது.

இன்னொன்று. அந்தக் குடைக்கடையை யாராவது கவனித்து எடுத்துவிடப் போகிறார்கள், அதற்கு முன்னால் எனக்கு ஒரு குடை வாங்கி வைக்கச் சொல். கறுப்பு போதும்.

உன்,
தனபால்