சுவரில் ஐந்தடி நாலு அங்குலம்

கம்பளை
2025 டிசம்பர் 21, ஞாயிறு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன், நடுவில் லைன் போய்விடுகிறது. அதனால் கொப்பியில் எழுதுகிறேன். அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவாள். எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பார்.

"தண்ணி வருதுன்னு தெரிஞ்சும் ஏன் அங்கேயே இருந்தீங்க?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டாய். நானும் மூன்று தரம் மூன்று பதில் சொன்னேன். ஒன்றும் முழு உண்மை இல்லை.

டித்வா புயல் வந்த நவம்பரில், புதன் இரவு பிடித்த மழை 27ஆம் திகதி வியாழன் முழுக்க விடவேயில்லை. ஏ.எல். பரீட்சையைக்கூட நிறுத்திவிட்டார்கள். பின்னேரம் போனுக்கு ஒரு செய்தி வந்தது, சிங்களத்தில். பக்கத்துக் கடை நானாவின் மகள்தான் வாசித்துச் சொன்னாள், ஆற்றோரத்து ஆட்கள் மேட்டுக்குப் போக வேண்டுமாம். அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் எனக்கு அது வெறும் 'டிங்' சத்தம்தான். தமிழில் ஒரு வரி போட என்ன கேடு என்று இன்றைக்கும் கோபம் வருகிறது. ஆனால் பழியை அதன் தலையில் போட்டுவிட்டு நான் தப்பக் கூடாது. அவள் சொன்ன பிறகும் நான் எழும்பவில்லை.

நம் தையல் கடைக்கு மூன்று படி. முப்பத்தொரு வருஷத்தில் இரண்டாவது படியைத் தண்ணீர் தொட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கணக்கு ஒன்று. அதைவிட, மேசைக்குக் கீழே நாற்பத்து மூன்று பிள்ளைகளின் சீருடைத் துணி இருந்தது. அத்தனையும் வெள்ளை, அத்தனையும் ஊரான் துணி. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது அந்தத் தாய்மாருக்கு என்ன பதில் சொல்வது? அதையெல்லாம் மேல் தட்டில் ஏற்றிவிட்டுப் போவோம் என்று நின்றேன்.

நாலரைக்கு வாசலில் ஒன்றைப் பார்த்தேன். கானில் தண்ணீர் எதிர்ப் பக்கமாக ஓடியது. றோட்டுத் தண்ணீர் ஆற்றுக்குப் போகிற கான் அது. ஆறு அதற்குள் புகுந்து நம் பக்கம் வருகிறது. ஒரு செருப்பு, ஒரு தேங்காய் மட்டை, இரண்டும் ஊரைப் பார்த்து மிதந்து வந்தன. நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து வரும் மகாவலியும் கொத்மலை ஓயாவும் நமக்கு மேலேதான் கலக்கின்றன. மலையில் பெய்ததெல்லாம் நம் வாசலுக்கு வரத்தான் செய்யும். அது எனக்குத் தெரியாததா? பார்த்தேன், விளங்கியது, திரும்பிப் போய் துணி அடுக்கினேன்.

அம்மா பையோடு நானாவின் மேல் மாடிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து நாலு தரம் கூப்பிட்டாள். கடைசியில் தண்ணீர் முன்கதவால் வரவில்லை, பின்னாலிருந்து குசினி வழியாக வந்தது. கரண்டும் போய்விட்டது. முழங்காலுக்கு வந்தபோதுகூட நான் ஸ்டூலில்தான் நின்றேன். நானா டோர்ச்சோடு இறங்கி வந்து, "டெயிலர், துணிய விடுங்க, உங்கள யாரு தைக்கிற?" என்று கையைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் வந்தேன்.

அன்றிரவு மாடியில் பதினொரு பேர். யாரோ இருட்டில் மேலே கொத்மலை அணை உடைந்துவிட்டது என்று கத்தினார்கள். உடையவில்லை, பொய்தான். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்ற நேரம் முழுக்க ஒரே சத்தம். கீழே கடைகளுக்குள் காஸ் சிலிண்டர்கள் மிதந்து ஷட்டரில் முட்டிக்கொண்டேயிருந்தன. டங், டங். விடியும்வரை எண்ணினேன்.

இனி உன் அத்தையின் கதை. அதைப் போனில் அரைகுறையாகத்தான் கேட்டாய். அதே நாள் மாலை, அவளுடைய தோட்டத்து லய வீடுகளுக்கு மலைத் தண்ணீர் வருகிற பீலியில் தண்ணீர் சேறாக வந்திருக்கிறது. எட்டு மணிக்கு அந்தத் தண்ணீரும் நின்றுவிட்டது. கொட்டுகிற மழையில் பீலி நின்றால் என்ன அர்த்தம்? மண் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். 2014இல் மீரியபெத்தவில் லயத்தை மண் மூடியபோது நீ எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் சாமான் சேர்த்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அத்தை அன்றிலிருந்து அந்தப் பீலியைப் பார்த்தபடியே இருந்திருக்கிறாள். எட்டுக் காம்பரா வீட்டு ஆட்களையும் தட்டி எழுப்பி, வைதவர்களையும் இழுத்துக்கொண்டு, பிள்ளைகளை விட்டுப் பார்க்கிற பிள்ளை மடுவத்துக்குப் போய்விட்டாள். விடியப் புறத்தில் மண் வந்து நாலு காம்பராவைக் கொண்டுபோனது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷி, மகன். உன் அப்பா ஓ.எல். வரை படித்தவன்.

உன் கேள்விக்குப் பதில் அதுதான். அவளும் அடையாளத்தைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் சட்டி பானையை விட்டுவிட்டுப் போனாள், நான் துணியைக் கட்டிப் பிடித்தேன்.

டித்வா புயலால் நாடு முழுக்க 600க்கு மேல் போய்விட்டார்கள், அதில் கண்டி மாவட்டத்தில்தான் அதிகம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் நானும் ஒன்று கூடியிருப்பேன்.

கடையைத் திறந்தபோது முதலில் செய்தது என்ன தெரியுமா? கழுத்து டேப்பை எடுத்துச் சுவரில் சேற்றுக் கோட்டை அளந்தேன். அறுபத்து நாலு அங்குலம். ஐந்தடி நாலு. அம்மாவை விட இரண்டு அங்குலம் கூட. அவளிடம் சொல்லவில்லை, இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். மேல் தட்டில் ஏற்றிய துணியும் தப்பவில்லை. ஆறு தரம் தண்ணி மாற்றி அலசிவிட்டோம், இன்னும் தேத்தண்ணி நிறம்தான். காலிப் பக்கத்திலிருந்து சிங்களப் பொடியன்கள் சிலர் மண்வெட்டியோடு வந்து, இரண்டு நாள் நின்று சேறு அள்ளிக் கொடுத்தார்கள். ஒரு தேத்தண்ணிக்கு மேல் ஒன்றும் வாங்கவில்லை.

மேசை லாச்சி ஊதிப்போய்த் திறக்கவில்லை. ஸ்குரூ ட்ரைவரால் கிளப்பி அளவுக் கொப்பியை எடுத்தேன். அடுப்புப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். அளவெல்லாம் பென்சிலில் எழுதியது, எழுத்துக்கூட மங்கவில்லை. அட்வான்ஸும் பாக்கியும் பேனையில் எழுதியது, எல்லாம் நீலக் கறையாகப் போய்விட்டது. இப்போது ஊரில் யாருக்கு இடுப்பு எத்தனை என்று எனக்குத் தெரியும், யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாது. இருந்தும் ஏழு பேர் தாங்களாக வந்து பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வராத ஆட்கள் யார் என்று உன் அம்மாவுக்கு நல்ல ஞாபகம்.

வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் தருகிறார்கள். கிராம சேவகர் பெயர் எழுதிக்கொண்டு போனார். கடையா வீடா என்று கேட்டார், இரண்டும்தான் என்றேன். பார்ப்போம்.

நீ கடன் எடுக்காதே. உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக் கடனே இன்னும் முடியவில்லை. அத்தை பக்கத்தில் காணி வாங்குவோம் என்றாயே, அந்த மேட்டில் வெடிப்பு ஓடுகிறது, திரும்பக் குடியிருக்க வேண்டாம் என்று ஆய்வுக்கு வந்தவர்களே சொல்லிவிட்டார்கள். எங்கே வாங்கினாலும் மண்சரிவு ஆபத்தைப் பார்க்கிற கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் பார்க்காமல் ஒரு பேர்ச்சும் வாங்கக் கூடாது. வடக்கே போய்விடலாம் என்று அத்தை தங்கிய முகாமில் சிலர் பேசினார்கள். அத்தை அதற்கு, "அங்கே பீலி இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கும் இன்னும் ஒரு முடிவு வரவில்லை. இப்போதைக்கு இரவில் கீழே படுப்பதில்லை. நானா மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார், அத்தையும் நம்மோடுதான்.

மெஷினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினேன். பொபின் கூட்டுக்குள் மட்டும் ஒரு கைப்பிடி சேறு. ஓடுகிறது, ஆனால் கிழவன் இருமுவது போல ஒரு சத்தம். நாற்பத்து மூன்றில் பத்தொன்பது பேர் புதுத் துணி கொண்டுவந்து தந்துவிட்டார்கள். அளவெடுக்க வேண்டாம், கொப்பியில் இருக்கிறது என்றேன்.

அதே கொப்பியில் உன் பக்கமும் இருக்கிறது. கடைசியாக 2022இல் எழுதியது, நெஞ்சு முப்பத்து நாலு. பொங்கலுக்கு உனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்ப வேண்டுமாம், அம்மா பிடிவாதம். படத்தில் பார்த்தால் முப்பத்து நாலு காணாது போலத் தெரிகிறது. அறையில் இருக்கிற யாரையாவது பிடித்து நெஞ்சு, தோள், கை மூன்றையும் அளந்து அனுப்பு. அளக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதே.

அப்பா