மெஷின் பொருத்தியாயிற்று, பயிற்சி எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

காது கேளாத குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி (ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் பகுதியும், தலையில் வெளியே மாட்டும் மெஷினும் சேர்ந்தது) பொருத்திய செய்தி அவ்வப்போது உங்கள் நாளிதழில் வருகிறது. டாக்டர்கள் வரிசையாக நிற்கும் படம், 'இனி குழந்தை பேசும்' என்று ஒரு வரி, அதோடு சரி. உண்மையில் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. என் பேத்திக்கு இந்தக் கருவி பொருத்தியிருக்கிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் பயிற்சிக்குக் கூட்டிப்போவதும் வீட்டில் பழக்குவதும் நான்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் இலவசம். லட்சக்கணக்கில் ஆகும் கருவி. சொந்தக் காசில் எங்களால் நினைத்தே பார்க்க முடியாது. அதற்கு அரசைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சில வாரம் கழித்து மெஷினை 'ஆன்' செய்யும்போது பிள்ளைக்குக் கேட்பது பேச்சல்ல, வெறும் சத்தம். வயது இரண்டரை என்றாலும் கேட்பதில் அது அன்று பிறந்த பிள்ளைதான். எந்தக் கைக்குழந்தையும் ஒரு வருஷம் போலக் கேட்டுக் கேட்டுத்தானே 'அம்மா' என்கிறது? இதைச் சொல்லி அனுப்பாததால், ஆறு மாதத்தில் பேசவில்லையே என்று மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டவர்களும் உண்டு.

தினமும் காலையில் மெஷினை மாட்டியதும், பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை மாற்றி மாற்றிச் சொல்லவேண்டும். ஒவ்வொன்று காதில் விழும்போதும் அவள் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடுவாள். பேச்சில் வரும் கீழ் சுருதி முதல் மேல் சுருதி வரை இந்த ஆறுக்குள் வந்துவிடும். நேற்று 'ஸ்' சத்தத்துக்குக் கொட்டை போட்டவள் இன்று சும்மா உட்கார்ந்திருந்தால் கேபிளையும் பேட்டரியையும் பார்க்கவேண்டும். அதில் குறையில்லை என்றால் மேப்பிங்குக்கு, அதாவது பிள்ளைக்குக் கேட்கும் அளவு பார்த்து மெஷினைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வதற்கு, கூட்டிப்போக வேண்டும். அப்புறம் நாள் முழுக்கப் பேச்சுதான். குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர மெஷின் தலையில் இருக்கவேண்டும், டிவி ஓடக்கூடாது. வெங்காயம் உரித்தாலும் துணி மடித்தாலும் பக்கத்தில் உட்கார வைத்து, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும். அடுப்படியிலிருந்து கத்திப் பயனில்லை. தூரம் கூடக்கூடப் பேச்சு தேய்ந்து இரைச்சல்தான் மிஞ்சும். 'டம்ளரை எடு' என்று முதலில் காதுக்குச் சொல்லி, கொஞ்சம் பொறுத்து, அவளுக்குப் புரியவில்லை என்றால்தான் கையைக் காட்டவேண்டும். அந்தப் பொறுப்பதுதான் கஷ்டம். பெரியவர்களுக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது!

இத்தனையும் ஒரு ஸ்பீச் டீச்சர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு அவர் சொல்லித்தருவதைவிட, மிச்ச நேரமெல்லாம் அவளோடு இருக்கும் எனக்குச் சொல்லித்தந்ததுதான் பலன் கொடுத்தது. முதலில் போன வேறொரு மையத்தில் 'அம்மா வரலையா?' என்று கேட்டுவிட்டு, என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் பாட்டியிடம்தான் வளர்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

அடுத்தது தூரம். உசிலம்பட்டியிலிருந்து மதுரை சுமார் 40 கிலோமீட்டர். எழுமலைப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் அதிகம். ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போய்த் திரும்பினால் அன்றைய களையெடுப்புக் கூலி போச்சு. இரண்டு மூன்று மாதம் வருவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்டுபிடிப்பதிலும் தாமதம் ஆகிறது. பிறந்த குழந்தை தூங்கும்போதே காதில் சின்னக் குழாயை வைத்துச் சில நிமிடத்தில் முடிக்கிற ஓ.ஏ.இ. சோதனை இருக்கிறது, உள்காது சத்தத்துக்குப் பதில் தருகிறதா என்று அது காட்டிவிடும். அதில் சந்தேகம் வந்தால், சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட். 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சத்தத்தைக் கூட்டித்தரும் சாதாரணக் காது மெஷினும் பயிற்சியும் என்பது உலகமெங்கும் சொல்லும் கணக்கு. காக்ளியரும் மூன்றரை வயதுக்கு முன் வைத்தால்தான் பலன் அதிகம். இங்கேயோ, 'அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்' என்று ஆறுதல் சொல்லியே வருஷத்தைப் போக்கிவிடுகிறார்கள். சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் வழக்கமுள்ள பகுதி இது. பிறவியிலேயே காது கேளாமல் போகும் வாய்ப்பு அதனால் கூடுதல். ஒரு பிள்ளைகூட இந்தச் சோதனை இல்லாமல் பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குப் போகக்கூடாது.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு மருத்துவமனைகளில் வாரம் இரண்டு நாளாவது ஸ்பீச் டீச்சர் ஒருவர் இருக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும். வாரண்டி முடிந்த மெஷினுக்குக் கேபிள், காயில் (தலையில் ஒட்டியிருக்கும் வட்டத் துண்டு) மாற்றும் செலவுக்கும் ஒரு வழி சொல்லவேண்டும். இதற்கெல்லாம் நிதி ஒதுக்க நாளாகும் என்றால், பயிற்சி நடக்கும்போது பிள்ளையை வளர்ப்பவர் கட்டாயம் உள்ளே இருக்கவேண்டும் என்று நாளைக்கே ஒரு உத்தரவு போடலாம். அதற்குக் காசு எதுவும் ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்