அணையில் எத்தனை அடி என்று கேட்டது போதும், நம் தெருவை அளப்போம்

ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 18ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையைவிட அதிகமாகக் காயலில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டார்கள். தங்கள் ஊரே தண்ணீரில் இருந்தபோதும் புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். நம் மக்களுக்கு மனசு இருக்கிறது, கை இருக்கிறது. தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது, எவ்வளவு உயரம் வரும் என்ற கணக்குதான் கையில் இல்லை. அதை ஊர் ஊராக உண்டாக்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஐப்பசி பிறந்தால் டீக்கடையில் கேட்கிற முதல் கேள்வி, “பாபநாசத்துல எத்தனை அடி?” அடுத்தது மணிமுத்தாறு. இரண்டும் நம் தாமிரபரணிக்குத் தண்ணீர் தருகிற மலையடி அணைகள். அணைகள் திறந்து வந்த 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2023இல் மலையில் பெய்தது ஒரு பக்கம் இருக்க, அதைவிடப் பெரிய மழை அணைகளுக்கெல்லாம் கீழே, கடலை ஒட்டி, நம் தலைமேலேயே விழுந்தது. அந்தத் தண்ணீரை நிறுத்திவைக்க எந்த ஷட்டரும் கிடையாது. 1 சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 1 கோடி லிட்டர். 95 செ.மீ. என்றால் 95 கோடி லிட்டர், அதுவும் ஒரே ஒரு சதுர கிலோமீட்டரில்! ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் சுமார் 88 ஆயிரம் லிட்டர், அதாவது ஏழு டேங்கர் லாரிக்கு மேல். நம் வாறுகால்கள் வீட்டுச் சாக்கடைக்காகக் கட்டியவை. தூர்வாரினாலும் இது அதில் அடங்காது. தூர்வாருவது அவசியம்தான், ஆனால் அதைச் செய்துவிட்டால் வெள்ளம் வராது என்று மட்டும் மக்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

நமக்கு வருகிற தண்ணீர் மூன்று வகை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தலைமேல் பெய்கிற மழை தெருவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், மாடிக்குப் போக நேரம் கிடைக்கும். குளம் உடைந்து வருகிற தண்ணீர் அப்படியில்லை. நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்த குளத்தின் கரை ராத்திரியில் உடைந்தால் கட்டிலை விட்டு இறங்கும்போதே இடுப்பளவு நிற்கும். அந்தத் தெருக்காரர்கள் முன்கூட்டியே கிளம்பியிருக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் மேலே இருக்கிற ஊர்களைக் கடந்துதான் வருகிறது. மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் அணைக்கட்டைத் தாண்டி எவ்வளவு போகிறது என்று கீழே உள்ள ஊருக்கு ஒரு போன் வந்தால் போதும், சில மணி நேரம் கையில் இருக்கும். எந்த வார்டுக்கு எந்தத் தண்ணீர் ஆபத்து என்பதை முதலில் பிரித்து எழுதுங்கள். ஒரே வார்டுக்கு மூன்றும் வரலாம். அப்படிப்பட்ட வார்டுகள்தான் நம் கண்ணில் முதலில் பட வேண்டியவை.

2023 மழைக்கு முன் எச்சரிக்கை வந்ததா இல்லையா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்தாலே அதி கனமழை, அதற்கு ரெட் அலர்ட். 21 செ.மீ.க்கும் அதே சிவப்பு, 95 செ.மீ.க்கும் அதே சிவப்பு. சிவப்பு என்று கேட்டதும் எந்த அளவுக்குத் தயாராவது? அதை உள்ளூர் அளவைதான் சொல்ல முடியும். தினசரி மழைக் கணக்கோ காலை எட்டரைக்கு எட்டரை. ராத்திரி பெய்தது எவ்வளவு என்று பேப்பரில் வரும்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்து போயிருக்கும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மழைமானி, கனமழை நாட்களில் மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்து வார்டு வாட்ஸ்அப் குழுக்களில் போட ஓர் ஆள். இதற்குப் பெரிய செலவு இல்லை. அப்புறம் 10 செ.மீ. தாண்டினால் எந்தத் தெரு, 20 தாண்டினால் எந்தத் தெரு என்று முன்னாலேயே முடிவு செய்து வைத்திருந்தால், நள்ளிரவில் யாரும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தெருக்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கான சாட்சி நம் சுவர்களிலேயே இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு மேலே வெளிறிய சுண்ணாம்பு, கீழே களிமண் நிறம், நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. பல வீடுகளில் அடுத்தடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் அது போய்விட்டது. ஆனால் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், “சுவிட்ச் போர்டு நனைஞ்சுது”, “பீரோவுல ரெண்டாவது தட்டு வரைக்கும்” என்று இன்னும் விரல் வைத்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று வீட்டில் அந்த உயரத்தை டேப்பால் அளந்து குறியுங்கள். ஒரு வீட்டின் தரை உயரம், அடுத்த வீட்டின் தரை பள்ளம் என்பதால் வெறும் ஆழம் போதாது. எல்லாவற்றையும் ஒரு பொது மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொறியாளரிடம் லெவல் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொத்தனார்கள் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடிக்கிறார்களே, அதை வைத்தே வீடு வீடாக நகர்த்தித் தெரு முழுக்க மட்டம் கொண்டுபோகலாம். பிறகு அந்தக் கோட்டை மின்கம்பத்திலும் பள்ளிச் சுவரிலும் அழியாத பெயின்டில் போடுங்கள், 2023 என்று வருஷத்தோடு. எல்லா அளவையும் ஊர் வரைபடம் ஒன்றிலும் குறித்து வையுங்கள்.

இந்த வரைபடம் கையில் இருந்தால் பல விஷயங்கள் தானாகத் தெரியவரும். நிவாரண முகாமாக வைத்திருக்கும் பள்ளியின் தரைத்தளம் கோட்டுக்கு மேலா, கீழா? டிரான்ஸ்பார்மர், குடிநீர் மோட்டார், ரேஷன் கடை அரிசி எந்த உயரத்தில் இருக்கின்றன? டயாலிசிஸ் போகிறவர், பிரசவத்துக்கு நாள் குறித்தவர், படுக்கையில் இருக்கும் பெரியவர் வீடுகள் எவை? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு எத்தனை வீடுகளைப் பள்ளத்தில் இறக்கிவிட்டோம் என்பதும் தெரிந்துவிடும். அது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். இருந்தாலும் வெளியிடுங்கள். மனை விலை குறையும் என்று பயந்து வரைபடத்தை அலமாரியில் பூட்டினால், ஆபத்தான இடத்தில் புதிதாக வீடு கட்டுகிற ஏழைதான் அதற்கு விலை கொடுப்பார்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபா கூட்டம் ஒன்றை இதற்கென்றே வையுங்கள். ஆறு ஊர்களிலும் பொறுப்பாளர் யார், அவருடைய போன் நம்பர் என்ன என்று ஒரே தாளில் எழுதிப் பரிமாறிக்கொள்ளுங்கள். அளவெடுக்கிற வேலைக்குக் கல்லூரிப் பிள்ளைகளையும் கொத்தனார்களையும் கூட்டிவருவது எங்கள் பொறுப்பு. எந்த வார்டிலிருந்து தொடங்குவது என்று நாளும் நேரமும் மட்டும் சொல்லுங்கள்.

நம்பிக்கையுடன்,
தாமிரபரணிக் கடைமடைவாசி ஒருவர்